நாலரைக் கிலோ

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று போனில் நீ கேட்டது ஒரே கேள்விதான். "அக்கா, பாப்பாவோட உதட்டுப் பிளவு ஆபரேஷனுக்கு நாங்க என்ன ரெடி பண்ணணும்?" பின்னால் குக்கர் விசில், பாப்பாவின் அழுகை, யாரிடமோ நாள் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்த உன் மாமியாரின் குரல். அவசரத்தில் "பயப்படாதே, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு ஆறவில்லை. 2014-இல் இதே கேள்வியோடு என் பையனை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, எல்லோரும் எனக்குச் சொன்னதும் அந்த ஒரு வரிதான். அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வேளைப் பால்கூட ஒழுங்காகக் கொடுக்கத் தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். பாலக்கோட்டிலோ அரூரிலோ இதே நிலைமையில் இன்னொருத்தி இருப்பாள்.

முதலில் அந்தக் கிரகணப் பேச்சை முடித்துவிடலாம். 2025 செப்டம்பர் 7-ஆம் தேதி சந்திர கிரகணத்தன்று ராத்திரி நீ கொய்யாப்பழம் நறுக்கிச் சாப்பிட்டாய், அதனால்தான் பாப்பாவுக்கு உதடு பிளந்துவிட்டது என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் உன் மாமியார் சொல்கிறாராம். நீ மாதக் கணக்குப் போட்டுப் பார். அன்றைக்கு உனக்கு ஐந்தாம் மாதம். வயிற்றுக் குழந்தைக்கு மேலுதடு உருவாவது நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். அன்னம், அதாவது வாயின் மேல்கூரை, ஒன்பதாவது வாரத்துக்குள் சேர்ந்துவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீ மாப்பிள்ளையிடம் சொன்ன சமயத்தில், இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர வேண்டிய இடம் சேராமல் நின்றுபோயிருக்கிறது. கிரகணம் பிடித்தபோது அது நடந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நீ கத்தியைத் தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும் பாப்பாவின் உதடு இப்படித்தான் இருந்திருக்கும்.

உலகத்தில் ஏறக்குறைய 700 குழந்தைக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. பரம்பரையும் வேறு சிலதும் கலந்து வருகிறது என்கிறார்கள் டாக்டர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. உன் மாமியார் கெட்டவர் இல்லை. பேத்தியைப் பார்த்ததும் வந்த பயத்துக்கு அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கையில் கிடைத்தது கிரகணம். இந்தப் பத்தியை மாப்பிள்ளையை விட்டுப் படித்துக் காட்டச் சொல். மகன் சொன்னால் கேட்பார்.

சரி, ரெடி பண்ணுவதற்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் நாள் பார்க்கிறீர்கள். உதட்டு ஆபரேஷனுக்கு டாக்டர்கள் பார்க்கிற நல்ல நாள் வேறு. குழந்தைக்குப் பத்து வாரம் ஆகியிருக்க வேண்டும், எடை பத்து பவுண்டு இருக்க வேண்டும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம் இருக்க வேண்டும். ரொம்ப காலமாக வழக்கத்தில் இருக்கிற கணக்கு இது. பத்து பவுண்டு என்றால் நம் கணக்கில் நாலரைக் கிலோ. பாப்பா தை பிறந்ததும் பிறந்தவள், வாரக் கணக்கு சரியாகிவிட்டது. போன வாரம் அங்கன்வாடியில் 3 கிலோ 900 என்று சொன்னாய். இன்னும் 600 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராம் ஏறினால் 24 நாள். உன் வேலை, என் வேலை, உன் மாமியார் வேலை எல்லாமே இந்த 600 கிராம்தான் கண்ணு. துணி, பை, சர்ட்டிஃபிகேட் எல்லாம் அப்புறம்.

உதடு மட்டும் பிளந்திருந்தால் குழந்தை எப்படியாவது மார்பைப் பிடித்துக் குடித்துவிடும். நம் பாப்பாவுக்கு அன்னமும் பிளந்திருக்கிறதே, அவளால் உறிஞ்ச முடியாது. ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதானே வரும், அதே மாதிரி. அரை மணி நேரம் சப்பிவிட்டு அவள் தூங்கிவிடுவாள், வயிறு நிறைந்துவிட்டது என்று நீ நினைப்பாய். அவள் களைத்துப்போய்த் தூங்குகிறாள். என் பையனுக்கு முதல் மாதம் முழுக்க நான் செய்த தப்பு இது. எடை ஏறாமல் இறங்கியது.

பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொடு. பாலாடையை ஒவ்வொரு முறையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடு. படுக்கவைத்துப் புகட்டாதே. உன் இடது முழங்கையில் அவள் தலை இருக்கட்டும், உட்கார்ந்த மாதிரி நிமிர்த்திப் பிடி. பாலாடையின் மூக்கை உதடு பிளக்காத பக்கம் கன்னத்தோரமாக வைத்துக் கொஞ்சம் சாய். ஒரு வாய் உள்ளே போகட்டும். தொண்டை ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அது இறங்கின பிறகுதான் அடுத்த வாய். மூக்கு வழியாகப் பால் வரும். வந்தால் பதறாதே, நிறுத்தித் துடைத்துவிட்டுத் திரும்பக் கொடு. இவர்கள் பாலோடு காற்றையும் நிறைய விழுங்குவார்கள், அதனால் நடுவில் இரண்டு மூன்று தடவை தோளில் போட்டு ஏப்பம் விட வை. ஒரு வேளை அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். இழுத்தால் குடித்த பாலின் சத்தை அவள் குடிப்பதிலேயே செலவு பண்ணிவிடுவாள். ராத்திரி இரண்டு மணி வேளையை உன் மாமியாரிடம் விடு. பழி சொல்லிக்கொண்டிருக்கிற கைக்கு ஒரு பாலாடையைக் கொடுத்துப் பார், ஒரே வாரத்தில் ஆள் மாறிவிடுவார். என் மாமியார் மாறியதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

எடை ஏறின பிறகு கெடுக்க வருவது சளி. சளியோ இருமலோ இருந்தால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார். அது குழந்தையின் நல்லதுக்குத்தான், மூச்சுக்குழாய் அந்தச் சமயத்தில் லேசில் சுருங்கிக்கொள்ளும். அதனால் இந்த ஒரு மாதம் தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணிப் புகை போடுவது வேண்டாம், மூக்கில் ஊதுவது வேண்டவே வேண்டாம். சளி பிடித்தவர்கள் யாராக இருந்தாலும் வாசலோடு பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்போது சொல்லப்போவதை நான் இதுவரை நம் வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை. என் பையனுக்கு முதலில் குறித்த தேதியில் ஆபரேஷன் நடக்கவில்லை. டாக்டர் வரவில்லை என்று ஊரில் சொல்லி வைத்தோம். நடந்தது வேறு. காலை எட்டு மணிக்கு தியேட்டர். அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் எது கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லித்தான் இருந்தார். தாய்ப்பால் என்றால் நாலு மணி நேரம், மாட்டுப் பாலோ பவுடர் பாலோ என்றால் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கே இரண்டு மணி நேரம். எனக்குச் சொன்னார், நான் அம்மாவிடம் சொல்லவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு நான் பாத்ரூம் போன நேரம், பையன் வீறிட்டு அழுதிருக்கிறான். பக்கத்துப் படுக்கைக்காரர் ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு பாலாடை பசும்பால் வாங்கி அம்மா புகட்டிவிட்டார். நான் வந்தபோது அவன் கடைவாயில் வெள்ளையாக ஒரு கோடு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "சொல்லாதேடி, ரெண்டு வாய்தான்" என்றார்.

நான் ஒரு பத்து நிமிஷம் சொல்லாமல் இருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றுப் பால் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து என்று அப்புறம்தான் தெரிந்தது. போய்ச் சொன்னேன். நர்ஸ் கத்தினார், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மயக்க மருந்து டாக்டர் மட்டும் வந்து, "சொன்னீங்களே, அது போதும்மா" என்றார். ஒன்பது நாள் கழித்து வேறு தேதி கொடுத்தார்கள். ஆகையால் உன்னோடு ஆஸ்பத்திரியில் தங்குகிற ஒவ்வொருவருக்கும், மாப்பிள்ளையையும் சேர்த்து, அந்த மணிக்கணக்கைச் சொல்லி வை. ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டு. அந்தக் கடைசி மணி நேரங்களில் அவள் பசிக்கு அழுவாள். உன் மார்பு தானாகச் சுரந்து ரவிக்கை நனையும். வேறு யார் தோளிலாவது போட்டு வராண்டாவில் நடக்கச் சொல். உன் வாசனை பட்டால் இன்னும் அழுவாள்.

காசு பற்றி மாப்பிள்ளை கவலைப்படுகிறாராம். பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் வந்து குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர் வண்டி ஒன்று உண்டே, 2013-இல் ஆரம்பித்த திட்டம் அது. பிறவிக் குறைகளைக் கண்டுபிடித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவதுதான் அவர்கள் வேலை. மாவட்ட அளவில் இதற்கென்று ஒரு மையமும் இருக்கிறது, நமக்குத் தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் போய் விசாரிக்க வேண்டும். அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லி உடனே பெயரைப் பதிந்துவிடு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்க வேண்டும். மாப்பிள்ளையின் ஓசூர் கம்பெனிச் சம்பளம் அதைத் தாண்டினாலும் கலங்க வேண்டாம். ஸ்மைல் ட்ரெயின் என்று 1999-இல் தொடங்கின அமைப்பு ஒன்று இருக்கிறது, அவர்களோடு சேர்ந்திருக்கிற ஆஸ்பத்திரிகளில் உதட்டுக்கும் அன்னத்துக்கும் இலவசமாகவே செய்கிறார்கள். அப்படித்தான் என் பையனுக்கும் நடந்தது. உங்களுக்குச் செலவு என்றால் சாப்பாடும் பஸ்ஸும்தான். சேலம் போவதாக இருந்தால் முதல் நாள் மத்தியானமே போய்ச் சேருங்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், நாலு மணி நேரம் போய்விடும்.

பைக்குள் வைக்க வேண்டியது குறைவுதான். முன்பக்கம் முடி போடுகிற சட்டையாக நாலு, தலை வழியாக மாட்டுகிற சட்டை வேண்டாம், தையலில் உரசும். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்த துணி நிறைய. நகத்தை முதல் நாளே வெட்டிவிடு. மை வேண்டாம், திருஷ்டிப் பொட்டு வேண்டாம், வளையலும் கொலுசும் வீட்டிலேயே இருக்கட்டும். அரைஞாணைக் கட்டாயம் கழற்றச் சொல்வார்கள். அதை அங்கே வைத்துப் பதறாமல், கிளம்புவதற்கு முன்னால் சாமி படத்துக்கு முன்னால் நின்று நீயே அவிழ்த்து உன் மணிக்கட்டில் கட்டிக்கொள். நான் அப்படித்தான் செய்தேன். தியேட்டர் வாசலில் பிடித்துக்கொள்ள எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

தியேட்டர் தேதி அஷ்டமியில் வந்துவிட்டால் உன் மாமியார் தயங்குவார். அதியமான்கோட்டை காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில்தானே சாம்பல் பூசணியில் விளக்குப் போடுகிறோம், எத்தனை ஊர் ஜனம் வருகிறது அன்றைக்கு. அவரைப் போய் ஒரு விளக்குப் போட்டு வேண்டிக்கொண்டு வரச் சொல். நானும் வேண்டிக்கொள்கிறேன்.

உள்ளே ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகும். வெளியே வரும்போது முகம் வீங்கியிருக்கும். மூக்குக்குக் கீழே கறுப்பு நூல், அதைச் சுற்றிக் காய்ந்த ரத்தம். தொண்டையில் குழாய் போட்டதால் அழுகை கரகரவென்று இருக்கும், உன் பிள்ளை குரல் மாதிரியே இருக்காது. தையலைக் கிள்ளிவிடாமல் இருக்க இரண்டு முழங்கையையும் மடக்க முடியாதபடி கட்டியிருப்பார்கள். கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு அவள் அழும்போது கட்டை அவிழ்க்கத்தான் தோன்றும். டாக்டர் சொல்லாமல் அவிழ்த்துவிடாதே. தழும்பு முதல் சில மாதம் சிவந்து கெட்டியாக இருக்கும், பிறகு மெல்ல மெல்ல மங்கும்.

எனக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அழகான சிரிப்பு, ஊரே பார்த்துச் சந்தோஷப்பட்ட சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மாதமாக நான் பார்த்த சிரிப்பு இது இல்லையே. உதடு இரண்டாக விரிந்து, இளஞ்சிவப்பு ஈறு தெரிய, கன்னம் முழுக்கப் பரவுகிற அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவன் என்னைப் பார்த்து முதன்முதலில் சிரித்ததே அப்படித்தான். அதில் ஒரு போட்டோகூட என்னிடம் இல்லை. ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் எடுத்துக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். பஸ்ஸில் போனால் முகத்தில் துண்டைப் போட்டு மூடினேன்.

நீயும் மூடுகிறாய், போன மாதம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். திட்டவில்லை கண்ணு. துண்டை எடுத்துவிட்டு, வெளிச்சம் நன்றாக இருக்கிற காலை நேரத்தில் திண்ணையில் வைத்து அவளைச் சிரிக்க வைத்து நாலு போட்டோ எடு. ஒன்றைப் பிரிண்ட் போட்டு வை.

இதோடு முடிந்துவிடாது என்பதும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். அன்னத்துக்கு ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயசுக்குள் இன்னொரு ஆபரேஷன். காதில் நீர் கோத்துக்கொள்ளும், அடிக்கடி காட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சி வேண்டியிருக்கும். என் பையன் மூன்று வயசு வரை காக்கா என்பதை "ஆஆ" என்றுதான் சொன்னான், க-வும் ப-வும் மூக்கு வழியாகப் போய்விடும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒன்றரை வருஷம் பழக்கினோம். 2024 மே லீவில் ஈறுப் பிளவுக்கு இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்தார்கள். இப்போது ஆறாவது படிக்கிறான், வீட்டில் அவன் வாய் ஓய்வதில்லை. ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பென்னாகரம் வருகிறேன். எவர்சில்வர் பாலாடை இரண்டு கொண்டு வருகிறேன். ஒன்று புதுசு. இன்னொன்று விளிம்பில் கொஞ்சம் நெளிந்திருக்கும், அது என் பையன் குடித்தது. மத்தியான வேளையை நான் புகட்டுகிறேன், நீ இரண்டு மணி நேரம் தூங்கு.

அன்புடன்,
உன் அக்கா