காரில் உறங்குபவரை விரட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய செட்டிநாட்டு வீடுகள் பல தங்கும் விடுதிகளாகிவிட்டன. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பயணிகளை அழைத்துவரும் வாடகைக் கார் ஓட்டுநர்களோ, தெருவோரம் முன்இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கிடக்கிறார்கள். நள்ளிரவில் ரோந்து வருபவர்கள் கண்ணாடியைத் தட்டி, "இங்கே தூங்கக் கூடாது, வண்டியை எடு" என்று விரட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க வண்டி ஓட்டியவரைத் தூக்கக் கலக்கத்தோடு மறுபடியும் சாலைக்கு அனுப்புவது எவ்வளவு ஆபத்தானது!

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், காருக்குள் உறங்குவது குற்றம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. வண்டி எங்கே, எப்படி நிற்கிறது என்பதுதான் சட்டத்தின் கேள்வி. பிறருக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ நிறுத்துவதை 122ஆவது பிரிவு தடுக்கிறது. தடையுள்ள இடத்தில் நிறுத்திய வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியையும் அகற்ற 127ஆவது பிரிவு இடம் தருகிறது. ஓட்டுநர் உள்ளேயே படுத்திருக்கும் வண்டியைக் கவனிப்பாரற்றது என்று எப்படிச் சொல்வது? சீருடையில் இருக்கும் காவலர் உரிமத்தைக் கேட்டால் காட்ட வேண்டும், அது நியாயம். வளைவிலோ, பஸ் நிறுத்தத்திலோ, ஒருவர் வீட்டு வாசலை மறித்தோ நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்வதும் நியாயமே. ஒழுங்காக ஓரம் கட்டி உறங்குபவரை எழுப்பி விரட்டுவதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

ஓட்டுநர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் கொசுவுக்கும் பயந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யில் உறங்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும். மூடிய கொட்டகைக்குள் நிறுத்தினால் இன்னும் மோசம்.

விடுதிக்காரர்களிடம்தான் எனக்கு மிகுந்த வருத்தம். விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் தர வேண்டும் என்று தமிழக அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியது. பழைய வீட்டில் நடக்கும் விடுதிக்கு அது பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. யாத்திரை போகிறவர்கள் தலைசாய்க்கக் காசியிலும் இராமேசுவரத்திலும் சத்திரம் கட்டிய ஊர்க்காரர்கள் நாம். அத்தனை பெரிய வீட்டில் ஓட்டுநருக்கு ஒரு பாய் விரிக்க இடமில்லையா?

காரைக்குடி மாநகராட்சியும் கானாடுகாத்தான் பேரூராட்சியும் ஆளுக்கொரு திடலை இரவு நிறுத்துமிடமாக அறிவித்து, விளக்கும் தண்ணீரும் பூட்டாத கழிப்பறையும் ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளையார்பட்டிக்குக் கூட்டம் திரளும் விநாயகர் சதுர்த்திக்கு முன்பே இதைச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பள்ளத்தூர்.