தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சுகமாக இருக்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சோடு பேச்சாக ஒரு நீளமான சொல்லைச் சொன்னாய்: ‘ஆர்பைட்ஸ்ஒன்கெஸ்கிக்ட்ஹைட்ஸ்ஃபெர்ஸேகெரிங்’. டச்சுச் சொல். உடனே தங்கையின் பரீட்சையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை.

பத்து அசைகள். டச்சுச் சொல்லைக் கடைசியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவனே நீதான். கடைசித் துண்டுதான் பொருளைத் தீர்மானிக்கும். ஆங்கில ‘தி’ போல முன்னால் வருவது ‘டெ’யா ‘ஹெட்’டா என்பதையும் அதுதான் சொல்லும். வீடு என்னும் ‘ஹௌஸ்’ தனியே நின்றால் ‘ஹெட்’, குடும்ப டாக்டர் என்னும் ‘ஹௌஸ்ஆர்ட்ஸ்’ ஆனால் ‘டெ’. அப்படியே இதையும் பிரித்தேன். ‘ஃபெர்ஸேகெரிங்’, காப்புறுதி. அதுவரை நிம்மதி. அதற்கு முன்னால் ‘ஒன்கெஸ்கிக்ட்ஹைட்’, இயலாமை. முதலில் ‘ஆர்பைட்’, வேலை. நடுவில் உள்ள இரண்டு ‘ஸ்’ஸும் புலித்தோலில் வரும் ‘த்’ போல ஒட்டுவதற்குத்தான். இந்த ஒட்டெழுத்துகள் என்னைப் படுத்திய பாடு! 1995இல் எழுத்துமுறையை மாற்றியபோது, அப்பம் போன்ற ‘பன்னகூக்’குக்குள்ளும் ஒரு ‘ன்’ சேர்த்தார்கள்; பெரும்பாலானவர்கள் அதை உச்சரிப்பதே இல்லை.

சொந்தத் தொழில் செய்பவர்கள் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே, வேலை செய்ய இயலாமல் போகும் காலத்துக்கான இந்தக் காப்புறுதியை எடுத்துவைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அதற்காகத்தான் என்றால் உன் புத்தியை மெச்சுகிறேன். யாரிடமும் கைகட்டி நிற்காமல் என் பிள்ளை உழைக்கிறான் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பெரியப்பாவும் கடைசிவரை ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொன்னார்.

‘ஹௌஸ்ஆர்ட்ஸ்’, ஆஸ்பத்திரி என்னும் ‘ஸீக்கன்ஹௌஸ்’ எல்லாவற்றிலும் முதல் துண்டை அழுத்த வேண்டும், நகர மண்டபம் என்னும் ‘ஸ்டாட்ஹௌஸ்’ போன்ற சிலவற்றில்தான் அழுத்தம் பின்னுக்குப் போகும் என்று சின்ன வயதிலேயே என்னைத் திருத்துவாய். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை எந்த அசையையும் அழுத்தவில்லை. முழுவதையும் விழுங்கிவிட்டாய். அதனால்தான் கேட்கிறேன்: இடுப்பில் அந்த நாரிவலி விட்டுவிட்டதா? ஹௌஸ்ஆர்ட்ஸிடம் போனாயா?

சனிக்கிழமை ரயிலில் ரொட்டர்டாமுக்கு வருகிறேன். வேலை இருக்கிறது என்று சொல்லாதே. மதியச் சாப்பாடு நானே சமைத்துக் கொண்டுவருவேன். அதுவரை நேரத்துக்குச் சாப்பிடு. காப்புறுதிக்காரர்கள் அனுப்பிய கடிதங்களை எடுத்து மேசையில் வை, இரண்டு பேருமாக வாசிப்போம்.

அம்மா