எட்டு வரி லேபர்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை.

காரில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட்டையும் வண்டிப் படத்தையும் நீ வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாய், கண்ணாடி போட்டு நாலு தரம் பார்த்துவிட்டேன். "இது நியாயமாப்பா" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அப்புறம் போன் அடித்தால் நீ எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் நிதானமாகப் பேசமாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் லேபர் கூலி. நாலு ஷாக், நாலு ஸ்பிரிங் என்று எட்டு வரி, வரிக்கு 1,400. மொத்தம் 11,200. உன் டிசையரில் முன்பக்கம் ஷாக்கின் மேலேயேதான் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் மாட்டும் நக்கிளில் இரண்டு போல்ட், லிங்க் ராடு, மேலே மவுண்டிங் நட்டு, இதைக் கழற்றினால் இரண்டும் ஒரே உருப்படியாக வந்துவிடும். கம்ப்ரஸர் போட்டு ஸ்பிரிங்கை அமுக்காமல் ஷாக்கைப் பிரிக்கவே முடியாது. அப்புறம் ஸ்பிரிங்குக்குத் தனியாக என்ன லேபர்? பின்னால் தனித்தனிதான், ஆனால் ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்து ஆக்ஸிலை இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். முன்பக்கம் சைடுக்கு ஒன்றரை மணி, பின்னால் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணி. துருப்பிடித்திருந்தால் இன்னும் ஒரு மணி. காலை ஒன்பதுக்கு விட்டால் வீல் அலைன்மென்ட்டும் பார்த்து சாயங்காலம் எடுத்துவிடலாம். இரண்டு நாள் நிற்கட்டும் என்றால் ஒத்துக்கொள்ளாதே.

ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மேல் மவுண்டிங், பம்ப் ஸ்டாப் ரப்பர் புதுசு போடு, அதில் மிச்சம் பிடிக்காதே. முன் ஸ்பிரிங் ஒடியாமல், தணியாமல் இருந்தால் அது வேண்டாம். உதிரிக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜி.எஸ்.டி. 18தான், 28 போட்டிருந்தால் கேள்.

பின் ஸ்பிரிங் தணிந்திருக்கிறது என்று எழுதியிருப்பது மட்டும் பொய்யில்லை. படத்திலேயே பின்பக்கம் இறங்கித் தெரிகிறது. வீட்டில் மூன்று பேர், அதில் பாப்பா பதினாலு கிலோ. அந்த எடைக்கு ஸ்பிரிங் தணியாது. டிக்கி நிறையப் பெட்டியும் பின்சீட்டில் மூன்று ஆளும் தினம் ஏறினால்தான் அப்படி உட்காரும். எஸ்டிமேட்டின் மேல்மூலையில் கிலோமீட்டர் 1,18,640. தீபாவளிக்கு வந்தபோது நான் ஆயில் மாற்றி ஒட்டின ஸ்டிக்கரில் 74,200. ஆபீஸுக்கு மெட்ரோவில் போகிறேன் என்றாய்.

நான் எதுவும் கேட்கவில்லை. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி இடித்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான், பேச்சு வந்ததால் சொல்கிறேன். பெர்மிட் எடுத்து மஞ்சள் போர்டு மாட்டிவிட்டால் பயமில்லை. ஷாக்கை ஜோடியாக மாற்று.

நம் தெருவில் முதல் இன்ஜினியர் நீ. டீக்கடையில் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பா போனை எடுக்க மட்டும் இன்ஜினியருக்கு நேரமில்லை.

எங்கே மாற்றினாலும் பழைய சாமானைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள். ஏன் சொல்கிறேன் என்றால், நானே செய்திருக்கிறேன். உன் இரண்டாம் வருஷ ஃபீஸுக்கு மறுநாள் கடைசி நாள். ஒரு டீச்சரம்மா மாருதி 800-இல் பின் ஷாக் இரண்டையும் மாற்றச் சொல்லி விட்டிருந்தார். ஒன்றுதான் புதுசு போட்டேன். மற்றதை மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, கருப்புப் பெயின்ட் அடித்து, வெயிலில் காயவைத்து மாட்டினேன். இரண்டுக்கும் காசு வாங்கினேன். அந்தம்மா "பையன் நல்லாப் படிக்கிறானா" என்று கேட்டு மேலே ஐம்பது ரூபாய் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்த வண்டி பட்டறை வாசலில் போகும்போதெல்லாம் ஒரு பக்கம் மட்டும் துள்ளும். நான் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீயும் சொல்லாதே.

வண்டியை இங்கே கொண்டு வா. கம்ப்ரஸரைப் பரணிலிருந்து இறக்கி, மரைக்கு ஆயில் விட்டு வைத்திருக்கிறேன். சாமானை ஈரோட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம், காசை அப்புறம் பார்க்கலாம். ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். அடியில் படுக்க ஒரு ஆள் வேண்டும், எனக்கு முட்டி மடங்கமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வா. அன்றைக்குச் சவாரி இருந்தால் திங்கள் வா.

அப்பா