நெல் தொட்டிகளுக்குப் பிழையான சென்சர் அனுப்பியமை தொடர்பாக

அனுப்புநர்:
உரிமையாளர்,
நெல் ஆலை, கிளிநொச்சி.

பெறுநர்:
விற்பனை முகாமையாளர்,
தொழிற்சாலைத் தன்னியக்கக் கருவிகள் விற்பனைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

உங்களிடம் வாங்கிப் பூட்டிய ஆறு சென்சர்களில் ஒன்றுகூட எங்கள் தொட்டியில் இருக்கும் நெல்லை உணரவில்லை. இதைத் தொலைபேசியில் பலதரம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தரமும் வேறொருவர் எடுக்கிறார், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகையால் எழுத்தில் தருகிறேன்.

நாங்கள் கேட்டதில் எந்த மயக்கமும் இருக்கவில்லை. அவித்துக் காயவைத்த நெல், தகரத் தொட்டி, மேல்மட்டத்துக்கு ஒன்று கீழ்மட்டத்துக்கு ஒன்று, கபாசிற்றிவ் வகை, 24 வோல்ற், பி.என்.பி. வெளியீடு (உணர்ந்தால் 24 வோல்ற்றைத் தருவது), ஐ.பி. 67 (தூசு புகாதது) என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதியிருந்தோம். நீங்கள் அனுப்பியவை இண்டக்டிவ் வகை. கேட்டபோது, "இரண்டும் புரொக்சிமிற்றி (கிட்ட வருவதை உணரும்) சென்சர்தானே, அளவும் ஒன்றுதான்" என்று உங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். வெளித்தோற்றமும் அளவும் ஒன்றுதான், மறுக்கவில்லை. வேலை ஒன்றல்ல. இண்டக்டிவ் சென்சர் தன் முகத்துக்கு முன்னே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, உலோகம் நெருங்கும்போது அதில் வரும் மாற்றத்தைத்தான் பார்க்கிறது. நெல், உமி, தவிடு, பிளாஸ்ரிக் எதையும் அது அறியாது. கபாசிற்றிவ் சென்சருக்கு உலோகம் தேவையில்லை. முகத்துக்கு முன்னே வரும் பொருளால் மின்தேக்கம் கூடுவதை உணரும். தானியத் தொட்டிகளில் அதைப் பூட்டுவது அதனால்தான்.

உங்கள் தொழில்நுட்பவியலாளர் தம்பி நேரில் வந்தார். நல்ல பிள்ளை, வேலையும் கவனமாகச் செய்தார், அவரில் எனக்குக் குறை இல்லை. தொட்டிக்குள் குனிந்து, பையிலிருந்த ஸ்குரூ ட்ரைவரை எடுத்துச் சென்சரின் முகத்துக்கு நேரே பிடித்தார். மஞ்சள் விளக்கு எரிந்தது. "பாருங்கோ ஐயா, வேலை செய்யுது" என்றார். நான் இரண்டு கையாலும் நெல்லை அள்ளி அதே முகத்தில் அழுத்திப் பிடித்தேன். விளக்கு எரியவில்லை. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கொழும்புக்கு எழுதிய அறிக்கையில் மட்டும் "சென்சர்கள் நல்ல நிலையில் உள்ளன" என்று இருக்கிறது.

இதனால் வந்த நட்டம் இது. கீழ்மட்டச் சென்சர் எப்போதும் "தொட்டி வெறுமை" என்றே சொன்னதால் உமி நீக்கும் இயந்திரம் தொடங்கவே இல்லை. அதைத் தொடக்குவதற்காக உங்கள் ஆட்கள் அந்த வயரை நேரடியாக இணைத்துவிட்டுப் போனார்கள். அதன்பின் தொட்டி உண்மையாகவே வெறுமையானபோதும் இயந்திரம் ஓடியது. நெல் இல்லாமல் ஒன்றோடொன்று உரசிய ரப்பர் உருளைகள் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயின. மேல்மட்டச் சென்சர் நெல்லைக் காணாததால் தொட்டி நிரம்பிய பின்னும், நெல்லை மேலே ஏற்றும் எலிவேற்றர் நிற்கவில்லை. நெல் அதன் வாய்க்குள்ளேயே அடைத்துக்கொள்ள, பெல்ற் கப்பியில் வழுக்கிக் கருகியது. உமித்தூசு பறக்கும் ஆலையில் பெல்ற் கருகுவது சின்ன விசயம் இல்லை. தானிய எலிவேற்றர்களில் தீ பிடிக்கவும் தூசு வெடிக்கவும் இது அறியப்பட்ட காரணம். மணம் வந்தவுடன் எங்கள் வேலையாள் ஓடிப்போய்ச் சுவிச்சை அடித்தார். இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் வேறு செய்திதான் இருந்திருக்கும்.

காலபோக அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் நேரத்தில் இது நடந்தது. பூநகரிப் பக்கமிருந்து லாண்ட்மாஸ்ரர் இருசில்லு உழவு இயந்திரத்தில் மூடை ஏற்றி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அவர்கள் எரிபொருளுக்குக் கொடுத்த காசை யார் கொடுப்பது?

அப்புறம் மாற்றாக ஒன்றை அனுப்பினீர்கள். வகை சரி, கபாசிற்றிவ். ஆனால் அது என்.பி.என். எங்கள் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி.யின் உள்ளீட்டு அட்டை 24 வோல்ற் வந்தால்தான் சமிக்ஞை என்று எடுத்துக்கொள்ளும், என்.பி.என். சென்சரோ வெளியீட்டைப் பூச்சியத்துக்கு இழுக்கிறது. கேட்டது பி.என்.பி. என்று அதே மின்னஞ்சலில் இருக்கிறது. கடைசியாகப் பேசியபோது ஒளிச் சென்சர் வாங்கச் சொன்னீர்கள். மூடை எண்ணுகிற இடத்தில் அது நன்றாக வேலை செய்யும், நாங்களே வைத்திருக்கிறோம். தொட்டிக்குள் கண்ணாடியில் தூசு படிந்து, நெல் இல்லாதபோதும் இருக்கிறது என்று சொல்லும். வேண்டாம்.

இனி நாங்கள் எதிர்பார்ப்பது. கேட்ட வகையிலேயே ஆறு கபாசிற்றிவ் சென்சர்கள், ஐ.பி. 67 என்று பொறித்தவை, உங்கள் செலவில் வர வேண்டும். ஐ.பி. 54 தூசை ஓரளவுதான் தடுக்கும், அதை அனுப்பாதீர்கள். அவற்றைப் பூட்டுபவர் உணர்திறன் திருகை எங்கள் நெல்லை வைத்தே சரிசெய்து தர வேண்டும். ஈர நெல்லைச் சென்சர் இலகுவில் உணரும், காய்ந்த நெல்லை அப்படி உணராது. ஆகையால் 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த நெல்லில்தான் சோதிக்க வேண்டும். நேரடியாக இணைத்த வயர்களைக் கழற்றிப் பழையபடி ஆக்க வேண்டும். உருளைகளுக்கும் பெல்ற்றுக்கும் கொடுத்த பணத்தின் பற்றுச்சீட்டுகளை இணைத்திருக்கிறேன், அந்தத் தொகையும் வர வேண்டும்.

இண்டக்டிவ் சென்சர்களில் இரண்டை நாங்களே விலை கொடுத்து வைத்துக்கொள்ளச் சம்மதம். எலிவேற்றரின் கீழ்க் கப்பித் தண்டில் ஒரு போல்ற்றைப் பூட்டி, அதற்கு எதிரே ஒன்றை வைத்தால் சுற்று குறைவதை வைத்துப் பெல்ற் வழுக்குவதைக் கண்டுபிடிக்கலாம். அந்த வேலைக்கு அதுதான் சரியான சென்சர். ஒன்று பூட்ட, ஒன்று கையிருப்புக்கு. மற்ற நான்கையும், நீங்கள் மாற்றாக அனுப்பிய என்.பி.என். சென்சரையும் எடுத்துச் செல்லுங்கள்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் விதைத்தாயிற்று. அந்த அறுவடைக்கு முன் எல்லாம் பூட்டி முடிய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே கடிதத்தையும் மின்னஞ்சல்களையும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
நெல் ஆலை, கிளிநொச்சி.

இணைப்பு: மின்னஞ்சல் கட்டளையின் பிரதி, உங்கள் விலைச்சிட்டை, சென்சரில் உள்ள பெயர்த்தகட்டின் படம், பற்றுச்சீட்டுகள்.