அண்ணனின் மருந்து குறித்து

தக்கலை

அன்புள்ள ஞானதாஸ்,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கல்லீரல் சுருங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன செய்தி மிகுந்த வருத்தம் தந்தது. அதைவிடவும் என்னைக் கவலைகொள்ளச் செய்தது, கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் நிம்மதியாகப் போய்வர முடியவில்லை என்று அவர் லாக்டுலோஸ் சிரப்பைத் தாமாகவே நிறுத்திவிட்டதாக நீ கடைசியில் எழுதியிருந்த வரிதான். வயிற்றை இளக்கும் மருந்துதானே, அதற்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்கிறாராம். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் விளக்கமாகவே பதில் எழுதுகிறேன். மதினிக்கும் வாசித்துக் காட்டு.

குடலிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை என்னும் பெரிய இரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. கல்லீரலுக்குள் வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படி வருவதே. குடலிலுள்ள பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது உண்டாகும் அம்மோனியாவும் இதனோடு வந்து சேரும். நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேறச் செய்துவிடும். தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலுக்கு அந்த வலு இல்லை. போதாததற்கு இரத்தத்தின் ஒரு பகுதி கல்லீரலுக்குள் நுழையாமலே வேறு குழாய்கள் வழியாகச் சுற்றிப் போய்விடுவதால், அம்மோனியா மூளையை எட்டுகிறது. மலம் பெருங்குடலில் தங்கத் தங்க இது கூடும். ஒரு நாள் மலம் கழியாவிட்டால் உனக்கும் எனக்கும் வயிற்று உப்புசத்தோடு போய்விடும். அண்ணனுக்கு அது புத்தித் தடுமாற்றத்தில் கொண்டுபோய் விடக்கூடும்.

குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த என் மச்சானிடம் இதை நான் நேரிலேயே பார்த்தேன். ரப்பர் ஷீட்டின் எடையை நாள்தோறும் நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். அச்சுப்போல இருக்கும் எழுத்து. அந்த எண்கள் கோட்டை விட்டுக் கீழே சரியத் தொடங்கின. ஒரே எடை இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. பகலெல்லாம் உறங்கினார், இரவில் விழித்துக்கொண்டு நடமாடினார். சட்டைப் பொத்தானைத் துளைக்குள் மாட்ட முடியாமல் விரலால் தடவிக்கொண்டே நின்றார். வயதாகிவிட்டது என்றுதான் வீட்டார் நினைத்தார்கள். மலம் சரியாகப் போகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் வீடுகளில் அதைக் கேட்கக் கூச்சம். மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான். கைகளை முன்னே நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கச் சொன்னபோது, உள்ளங்கைகள் பறவைச் சிறகுபோல விட்டுவிட்டு அடித்தன. இந்த சிரப்பைக் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்த பிறகுதான் அவர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

லாக்டுலோஸ் என்பது சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சர்க்கரை. அது அப்படியே பெருங்குடலை அடைந்ததும் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலச் சூழலில் அம்மோனியா இரத்தத்தில் எளிதில் கலக்க முடியாத அம்மோனியமாகி, மலத்தோடு வெளியேறிவிடுகிறது. ஆகவே அண்ணன் குடிப்பது மூளையைக் காக்கும் மருந்து என்றே சொல்லலாம். நாளொன்றுக்கு 2 அல்லது 3 முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதே பொதுவாக மருத்துவர்கள் வைக்கும் அளவு. தண்ணீராகப் பலமுறை போனால் உடலில் நீர் வற்றி அதுவும் தடுமாற்றத்தைத் தூண்டும் என்பதால், அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரிடம் கேட்டே நடக்க வேண்டும். வெளியே போகும் நாளில் மருந்து குடிக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்கலாமே, அதற்காக நிறுத்துவானேன்? பேதிக்குக் கொடுக்கும் நாட்டு மருந்துகள் எதையும் இதற்குப் பதிலாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

சாப்பாட்டில் மீனையும் பயறையும் விலக்கிவிட்டதாக எழுதியிருந்தாய். அது பழைய காலத்து யோசனை. தசைகளும் அம்மோனியாவை அகற்ற உதவுவதால், உடல் மெலியவிடக் கூடாது என்பதே இப்போதைய அறிவுரை. வெறும் மரச்சீனிக் கிழங்கும் கட்டன்சாயாவுமாக இருந்தால் மெலிவுதான் வரும். சிறுபயறு சேர்த்த கஞ்சியும் பயறு துவரனும் மிகவும் நல்லவை. அவற்றிலுள்ள நாரும் மலத்தை இளக்கும். சாளை மீனும் கொடுக்கலாம். இரவு படுக்கும்முன் சிறிதளவு உணவு கட்டாயம் வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருப்பதால் கருவாடு, ஊறுகாய், பப்படம் மூன்றையும் மதினி மறந்துவிடட்டும்.

மலத்தின் நிறத்தையும் கவனிக்கச் சொல். அதன் பழுப்பு நிறம் பித்தநீரிலிருந்து வருவது. வெளுத்துக் களிமண் நிறமானால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும்தான்; ஆனால் தார்போலக் கறுத்துப் பிசுபிசுத்தால் உள்ளே இரத்தம் கசிகிறது என்றே கொள்ள வேண்டும். அப்போது காத்திருக்காமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள்.

அண்ணன் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை எழுதி அனுப்பு. உறக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை ஏதேனும் கடையில் வாங்கியிருந்தால் அதை இன்றே நிறுத்தி, மருத்துவரிடம் சொல்லச் சொல். அடுத்த முறை அவரைக் காட்டப் போகும்போது நானும் கருங்கலுக்கு வந்து உடன் போகிறேன். எந்த நாள் என்பதை மட்டும் முன்கூட்டித் தெரிவி.

அன்புடன்,
தங்கசாமி