ஓய்வுநாள் எல்லையில் ஒரு குதிரை

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீ கோவிலுக்குப் போவதை நிறுத்தி நான்கு வருடமான பிறகும் இந்த முதல் வரியை மாற்றி எழுத எனக்குக் கை வரவில்லை; பொறுத்துக்கொள்.

விசுவாசத்தை விட்டுப் போன ஒரு ரபீயின், அதாவது யூத வேத ஆசிரியரின், வாக்கை யூதர்கள் ஏன் தங்கள் பழைய போதனைத் தொகுப்பான மிஷ்னாவிலிருந்து நீக்காமல் விட்டார்கள் என்று தொலைபேசியில் கேட்டாயே, அதைப் பேச்சில் சொன்னால் கோவையாக வராது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அந்த ரபீயின் பெயர் எலிசா பென் அபூயா, ரபீ அகீவாவின் காலத்தவர். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிபட்டதை ஒட்டிய தலைமுறை. மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த தல்மூத் அவரைப் பெரும்பாலும் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. 'ஆகேர்', அதாவது 'வேறொருவன்' என்கிறது. வீட்டோடு முறித்துக்கொண்டு போன மகனை நம் ஊரில் 'அவன்' என்று மட்டும் சொல்வார்களே, அந்த மாதிரி.

அவர் ஏன் போனார் என்பதற்கு ஒரு கதை இல்லை, பல உண்டு. விண்ணுலகில் மெட்டாட்ரோன் என்னும் தூதன் உட்கார்ந்து எழுதுவதைக் கண்டு, 'ஒருவேளை இரண்டு தெய்வ அதிகாரங்கள் இருக்கின்றனவோ' என்று அவர் நினைத்துவிட்டார் என்பது ஒன்று. மற்றொன்றில், தகப்பன் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து கோபுரம் ஏறிய பையன், வேதம் சொன்னபடியே தாய்ப்பறவையைப் போகவிட்டுக் குஞ்சுகளை எடுத்து இறங்கும்போது விழுந்து செத்துப்போகிறான். அந்த இரண்டு கட்டளைகளுக்கும் உபாகமம் நீண்ட ஆயுளை வாக்களித்திருக்கிறது என்பதை நீயே எடுத்துப் பார்க்கலாம். எருசலேம் தல்மூத்தில் எலிசாவே தம் மாணவரிடம் சொல்லும் காரணம் வேறு: தம் விருத்தசேதன விருந்துக்கு வந்த ரபீமார் வேதம் பேசியபோது அவர்களைச் சுற்றி அக்கினி இறங்கியதாம், அதைப் பார்த்த தகப்பன் அபூயா, வேதத்துக்கு இத்தனை வல்லமையா என்று மலைத்து, அதற்காகவே பிள்ளையை வேதத்துக்கு ஒப்புக்கொடுத்தாராம். எண்ணம் சுத்தமாக இல்லாததால் அது நிலைக்கவில்லை என்கிறார் மகன். சபை ஐயர் மகள் என்று நான்கு பேர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே உன்னை ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்காரவைத்த எனக்கு, அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டத் தோன்றியது.

எல்லாரும் அவரை விட்டு விலகியபோது விலகாத ஒரே மாணவர் ரபீ மெயீர். ஓர் ஓய்வுநாளில் எலிசா, அன்று ஏறக் கூடாத குதிரையில் ஏறிப் போகிறார். மெயீர் பாடம் கேட்டுக்கொண்டே பின்னால் நடக்கிறார். நடுவில் எலிசா திரும்பி, "மெயீர், திரும்பிப் போ, என் குதிரையின் அடிகளை எண்ணிக்கொண்டே வந்தேன், ஓய்வுநாள் எல்லை இதோடு முடிகிறது" என்கிறார். ஊரின் ஓரத்திலிருந்து 2,000 முழம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், அதுதான் எல்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் ஒலிவமலையைப் பற்றி 'ஓய்வுநாள் பிரயாணதூரம்' என்று வருவதும் இதே அளவுதான். தமக்கென்று எதையும் கைக்கொள்ளாத மனிதர், பின்னால் வருகிறவன் மீறிவிடக் கூடாதே என்று வழி நெடுக எண்ணியிருக்கிறார். "நீரும் திரும்பிவாரும்" என்கிறார் மெயீர். அதற்கு எலிசா, 'சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள். ஆகேர் தவிர' என்று விண்ணுலகத் திரைக்குப் பின்னாலிருந்து தாம் கேட்டாயிற்று என்கிறார்.

மெயீர் அதோடு விடவில்லை. பிள்ளைகள் படிக்கும் 13 இடங்களுக்கு அவரை இழுத்துக்கொண்டு போய், ஒவ்வோர் இடத்திலும் ஒரு பையனை அன்று படித்த வசனத்தைச் சொல்லச் சொன்னார். புத்தாண்டு ஆராதனையில் நாம் வாக்குத்தத்த அட்டை எடுப்பது போலத்தான். ஒரு நல்ல வசனம்கூட வரவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். எலிசா இறந்து காலம் சென்ற பின், வறுமையில் அவருடைய மகள், கி.பி. 200ஐ ஒட்டி மிஷ்னாவைத் தொகுத்தவரான யூதா ஹநாசியின் முன் போய் நின்று பிழைப்புக்கு வழி கேட்டாள். ஆகேரின் மகள் என்றதும், "அவன் சந்ததி இன்னும் உலகத்தில் இருக்கிறதா?" என்றார் அவர். "அவருடைய கல்வியை நினைத்தருளும், செய்கைகளை நினையாதேயும்" என்றாள் அவள். உடனே அக்கினி இறங்கி ரபீயின் ஆசனத்தைக் கருக்கியது, ரபீ அழுதார். பிதாக்களின் வாக்குகள் என்னும் மிஷ்னாப் பகுதியில் எலிசாவின் பெயரோடேயே ஒரு வாக்கு நிற்பதற்கு அந்தப் பெண்தான் காரணமென்று எந்த நூலும் சொல்லவில்லை. நான் அப்படி நினைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

சிறுவயதில் கற்பது புதுத் தாளில் எழுதிய மை, முதுமையில் கற்பது அழித்த தாளில் எழுதிய மை என்பது அந்த வாக்கு. அது மெய்தான். இந்த வயதில் எபிரெய எழுத்துப் படிக்கத் தொடங்கிய எனக்கு, நேற்று நன்றாகத் தெரிந்த தாலெத்துக்கும் ரேஷுக்கும் இன்று காலையில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் ஒரே வடிவம். தாலெத்தின் மேல்மூலையில் மட்டும் சிறிய நீட்சி. 'கர்த்தர் ஒருவரே' என்பதிலுள்ள 'ஒருவர்' தாலெத்தில் முடியும். 'ஆகேர்' ரேஷில் முடியும். முதல் இரண்டு எழுத்தும் ஒன்றுதான். என் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தேன். எது எந்தச் சொல் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. டிசம்பரில் வரும்போது நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா