கலப்புப் பயிரில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

மழை பாதியில் நின்றுபோன பருவத்திலும் எங்கள் மானாவாரி நிலத்தில் துவரை காய்த்தது. கூட விதைத்த கேழ்வரகும் கருகிப் போகாமல் கதிர் வைத்தது. இது எங்களால் மட்டும் நடந்ததில்லை.

முதல் நன்றி விதை தந்த பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு. ஆறு மாதம் நிற்கும் துவரையை அவர்கள் விடாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கேழ்வரகோடு சேர அதுதான் ஏற்றது. துவரை முதலில் மெதுவாகத்தான் வளரும். அது கிளைத்துப் படர்வதற்குள் கேழ்வரகு அறுவடைக்கு வந்துவிடும், அப்புறம் வெளிச்சமும் இடமும் துவரைக்குத்தான்.

குழி வெட்டி வேரைக் காட்டிய வேளாண் ஆய்வாளருக்கு எப்படி நன்றி சொல்வது! கேழ்வரகின் சல்லிவேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் பரவிக் கிடந்தன. துவரையின் ஆணிவேரோ குழியின் அடியையும் தாண்டி இறங்கியிருந்தது. மண் இடம் கொடுத்தால் 2 மீட்டர்கூடப் போகும் என்றார். இரவில் இலைத்துளைகள் மூடியதும் ஆழத்து ஈரம் வேர் வழியே ஏறி, காய்ந்த மேல்மண்ணில் கசியும் என்பதையும் அவர்தான் விளக்கினார். 1987-இல் ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வறண்ட நிலத்துப் புதர்ச்செடி ஒன்றில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். கசிவது கொஞ்சம்தான், மழைக்கு அது ஈடாகாது. ஆனால் மேல்மண்ணின் வேர்களும் அவற்றோடு ஒட்டி வாழும் வேர்ப்பூஞ்சைகளும் உயிரோடு தாக்குப்பிடிக்க அந்தக் கொஞ்சமும் பெரிது. மண்ணில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) துவரை வேர் சுரக்கும் அமிலம் விடுவிக்கிறது என்பதும் எங்களுக்குப் புதுச் செய்தி.

வரிசைகளைத் தள்ளிப் போடச் சொல்லி வரப்பில் நின்று வாதாடிய பெரியவருக்கும் நன்றி. ஆழவேர்ச் செடிக்கும் மேல்மண்ணில் வேர் உண்டு, நெருக்கி வைத்தால் கேழ்வரகுக்கான ஈரத்தை அதுவே குடித்துவிடும். இந்தக் கணக்கை அவர் பட்டறிவிலேயே வைத்திருந்தார்.

களையெடுத்த அக்காமார்களே, உங்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். துவரை சின்னதாக இருக்கும்போது களையோடு போய்விடுவது சுலபம். ஒவ்வொரு செடியையும் பார்த்துப் பார்த்து விட்டவர்கள் நீங்கள். இந்த விளைச்சலில் உங்கள் பங்கு பெரியது.

விதைத் துவரையைத் தனியாக எடுத்துக் காயவைத்திருக்கிறோம். விதைப்புக்கு முன் யார் கேட்டாலும் தருகிறோம். விளைந்த பிறகு அதே அளவு விதையை அடுத்தவருக்குக் கொடுத்தால் போதும்.

நன்றியுடன்,
இந்த நிலத்தை உழும் குடும்பத்தார்